சத்தம் போடாத பானை

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கிரீஸ் நாட்டுக் கெர்கிரா நகரத்துப் பானைகள் எல்லாம் வழக்கப்படி மாடியிலிருந்து விழுந்தன. பதினொன்றே முக்காலுக்கு சல்வானோஸ் குடும்பத்தின் மானமும் கூடவே விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது.

பானை விழுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். பால்கனிக்குச் சிவப்புத் துணி கட்டி, பெரிய மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி, கோயில் மணி அடித்ததும் தெருவில் போட்டு உடைப்பார்கள். எவ்வளவு பெரிய சத்தமோ அவ்வளவு நல்ல வருஷம். சல்வானோஸ் மானம் விழுவதோ இருநூறு வருஷத்தில் முதல் தடவை.

"அண்ணி, மூணு மாடி. மேளத்தைக் கீழ வெச்சுட்டு வரட்டுமா?" என்றான் பாண்டெலிஸ், சல்வானோஸ் வீட்டுப் படிக்கட்டில் மூச்சு வாங்கியபடி.

"போன வருஷம் கீழ வெச்சியே, என்ன ஆச்சு?"

"ஒரு ஜெர்மன்காரர் அதை மேஜைன்னு நினைச்சு மீன் சாப்பிட்டாரு."

"அப்ப தூக்கிட்டு வா."

பாண்டெலிஸ் கீழ்ப்பேட்டை வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடிப்பவன். தலையில் குஞ்சம் வைத்த பித்தளைத் தொப்பி, மேலே பொத்தான் வைத்த சிவப்புச் சட்டை, சொந்த வயிற்றுக்கு முன்னால் இன்னொரு வயிறாக அந்த மேளம். பன்னிரண்டரைக்கு வாத்தியக் குழு இரண்டாம் சுற்று கிளம்பும். அதற்குள் அவன் போய்ச் சேர வேண்டும். ஆனால் அண்ணி கூப்பிட்டால் போகாமல் இருக்க அவனுக்குத் தைரியம் கிடையாது.

அண்ணி தெக்லா ரெங்கி உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவள். கணவன் கப்பலில் வருஷத்துக்கு எட்டு மாதம் இருப்பதால், மிச்ச நேரத்தில் ஊரார் தொலைத்ததையும் மறைத்ததையும் கண்டுபிடித்துக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. இதுவரை ஏழு வழக்கு. ஒன்றிலும் அவள் கைரேகைப் பொடி தூவியதில்லை. கரும்பலகைச் சுண்ணாம்புக்கட்டிதான் அவள் கருவி.

கதவைத் திறந்தவன் சல்வானோஸ் வீட்டு மகன் மார்க்கோஸ். தெக்லாவைத் தேடி ஓடிவந்து அழைத்தவனும் அவன்தான். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், அப்பா மாமனாருக்குப் போன் பண்ணிட்டாரு. ஒரு மணிக்கு வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கன்னு. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு."

கூடத்தின் நடுவே ஆர்செனியோஸ் சல்வானோஸ் நின்றுகொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. அந்த வீட்டில் நாற்காலிகள் உண்டு, ஆனால் அவர் முதுகு அவற்றில் ஒன்றிலும் சாய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சுவரில் குடும்பம் வணங்கும் திருப்படம் தொங்கியது. அதன் முன்னால், உத்தரத்துக் கொக்கியில், தொங்கவேண்டிய பொருளைக் காணோம்.

"நீலக் கண்ணாடி விளக்கு. வெனிஸ்லேர்ந்து வந்தது. என் பாட்டனாருக்குப் பாட்டனார் வாங்கினது" என்றார். "ஒவ்வொரு பாஸ்காவுக்கும் கோயில் தீபத்தைக் கொண்டுவந்து இந்த வீட்டு மூத்தவர்தான் அதை ஏத்துவார். பத்தரைக்கு இருந்தது. நானே பாத்தேன். பத்தரைக்குத் தெருக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில போட்டேன். பதினொண்ணே காலுக்குப் பாத்தா இல்லை. வீட்டை அலசியாச்சு. வெளியே போன பொருள் பானைகள் மட்டும்தான்."

"அதனால?" என்றாள் தெக்லா.

"அதனால, இவ அதைப் பானைக்குள்ள போட்டுக் கீழ எறிஞ்சிருக்கா."

அவர் விரல் நீட்டிய இடத்தில், ஜன்னலோரம், ஒரு பெண் நின்றாள். ரோடாந்தி. மார்க்கோஸைக் கட்டி ஒன்பது மாதம். குயவன் ஸ்டாத்திஸின் மகள். அழவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி, களிமண்ணில் பிடித்து வைத்த உருவம்போல நின்றாள்.

"எதுக்கு எறியணும்?"

"நேத்து ராத்திரி, இந்த வருஷம் விளக்கை நான் ஏத்தட்டுமான்னு கேட்டா. இந்த வீட்ல பொறந்தவங்கதான் ஏத்தணும்னு சொன்னேன். அந்தக் கோபம்."

"இதை யார்கிட்டயெல்லாம் சொன்னீங்க, ஐயா?"

ஆர்செனியோஸ் முகவாயை உயர்த்தினார். "பால்கனியிலேர்ந்து சொன்னேன்."

"சதுக்கத்துல நாலாயிரம் பேர் இருந்தாங்களே!" என்றான் பாண்டெலிஸ். "இனிமே நாளிதழ்ல போடவேண்டியதில்ல, ஐயா. செலவு மிச்சம்."

தெக்லா அவன் மேளத்தில் ஒரு தட்டு தட்டினாள். வாயை மூடு என்று அர்த்தம். பிறகு ரோடாந்தியின் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னம்மா சொல்றே?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க, டீச்சர்."

"எடுத்தியா, எடுக்கலையா?"

அந்தப் பெண் ஒரு நொடி மாமனாரைப் பார்த்தாள். உடனே பார்வையை மறுபடி தரைக்குக் கொண்டு போனாள். பாண்டெலிஸ் எத்தனையோ குற்றவாளிகளை அண்ணியோடு சேர்ந்து பார்த்தவன். பிடிபட்டவர்கள் கதவைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். குற்றம் சாட்டியவரையே பரிதாபப்பட்டுப் பார்த்தவரை இதுவரை பார்த்ததில்லை.

"சரி. பானைக் கதையைச் சொல்லுங்க" என்றாள் தெக்லா. "எத்தனை?"

"ஆறு" என்றான் மார்க்கோஸ். "எல்லாம் மாமனார் சூளையிலேர்ந்து வந்தது. ஆறுலயும் நானே வாளி வாளியா தண்ணி ரொப்பினேன். ஒவ்வொண்ணும் இருபத்துநாலு கிலோ இருக்கும். அஞ்சை நானும் ரோடாந்தியும் சேர்ந்து தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல வெச்சுத் தள்ளினோம். ஆறாவது அப்பாவோடது. சிவப்பு ரிப்பன் கட்டினது. வீட்டுப் பெரியவர் அதைத் தனியா தூக்கிப் போடணும், அது வழக்கம்."

"எங்கெங்க விழுந்தது?"

"எங்களோடது நம்ம செவத்தடியில. மிஞ்சிப்போனா ஒரு மீட்டர் தள்ளி."

"இந்தக் காலத்துப் பசங்க கை அவ்வளவுதான்" என்றார் ஆர்செனியோஸ். விளக்குப் போன துக்கத்திலும் அவர் மார்பு ஒரு விரல் அளவு முன்னே வந்தது. "என்னோடது, சதுக்கம் குறுகற இந்த முனையைத் தாண்டி எதிர்ச்சாரியில, டியாமாந்தோ காப்பிக்கடைத் துணிக்கூரை வரைக்கும் போச்சு. ஆறு மீட்டர்! ஜனங்க கைதட்டினது கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்."

தெக்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் கண்ணாடி துடைத்தால் எங்கோ ஒரு பொய்க்கு ஆயுசு முடிந்தது என்று பாண்டெலிஸுக்குத் தெரியும். எந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை.

"வா, கொழுந்தனாரே. கீழ போய்க் குப்பை பொறுக்கலாம்."

*

சதுக்கம் முழுக்கச் செம்மண் ஓடுகள். முனிசிபாலிட்டித் துடைப்பம் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லி ஆளுக்கொரு ஓட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இஞ்சிப் பானப் புட்டியோடு ஒரு கிழவர் யாரையோ கட்டிக்கொண்டு ஆடினார். கட்டிக்கொள்ளப்பட்டவருக்கு அவர் யாரென்று தெரியாது. அவரும் ஆடினார்.

அண்ணியும் கொழுந்தனும் சல்வானோஸ் வீட்டுச் சுவரடியில் முழங்காலிட்டுத் தேடினார்கள். மேளம் குறுக்கே நிற்க, பாண்டெலிஸ் முழங்காலிட்டது பாதியும் உருண்டது பாதியும்.

"நீலக் கண்ணாடி ஒரு துளி கிடைச்சாலும் சொல்லு."

"சிவப்பு ஓடு, சிவப்பு ஓடு, சிகரெட் துண்டு, சிவப்பு ஓடு, யாரோட பல்லோ… இல்ல அண்ணி, பாதாம்பருப்பு."

"தின்னாதே."

"தின்னுட்டேன்."

கால் மணி தேடினார்கள். நீலம் இல்லை.

"அப்ப அஞ்சு பானைக்குள்ளேயும் விளக்கு இல்ல" என்றாள் தெக்லா.

"ரோடாந்தி தப்பிச்சுட்டா! மேல போய்ச் சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்வே? குப்பையில தேடினோம், கிடைக்கல, அதனால உங்க மருமக நல்லவன்னா? அந்த மனுஷன் நாலாயிரம் பேர் முன்னாடி சொல்லியிருக்காரு. இல்லைங்கறதைக் காட்டி அவரைத் திருப்ப முடியாது. இருக்கறதைக் காட்டணும்."

அப்போது அவர்கள் தலைக்கு மேல் ஒரு துடைப்பம் நிழலாடியது.

"ஏய் மேளக்காரா! என் கடைக்கு எதிர்ல மண்டி போட்டு என்ன தேடறே, மூளையையா?"

டியாமாந்தோ. எதிர்ச்சாரிக் காப்பிக்கடைக்காரி. இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

"அது போன வருஷமே தொலைஞ்சுபோச்சு, அக்கா" என்றான் பாண்டெலிஸ். "நீங்க என்ன, கடல்லேர்ந்து நேரா வரீங்களா?"

"எல்லாம் சல்வானோஸ் வீட்டுத் தண்ணிதான். அஞ்சு பானை, அஞ்சு பீரங்கி. வெடிக்கும்போதெல்லாம் தண்ணி இங்க வரைக்கும் தெறிச்சுது. அஞ்சு தரம் நனைஞ்சேன்."

"ஆறு பானை இல்லையா?" என்றாள் தெக்லா மெதுவாக.

டியாமாந்தோ சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆறாவதைப் பத்திக் கேக்காதீங்க, டீச்சர். அது சத்தமே போடல. கொழுத்த பாதிரியார் சோபால உக்கார்ற மாதிரி 'தொப்'னு என் துணிக்கூரையில வந்து உக்காந்துச்சு. துணி தொட்டிலாட்டம் தொங்கிப்போச்சு. நான் துடைப்பத்தால குத்தினேன். சறுக்கிட்டு வந்து என் மடியிலேயே விழுந்துச்சு. ஒரு கீறல் இல்ல!"

பாண்டெலிஸ் வாயைப் பிளந்தான். "மூணாவது மாடியிலேர்ந்து விழுந்து உடையலையா? மாயமா இருக்கே."

"மாயமும் இல்ல, மண்ணும் இல்ல" என்றாள் தெக்லா. அவள் கண்கள் பளபளத்தன. "கல்லுல விழுந்தாலும் துணியில விழுந்தாலும் பானை கொண்டுவர்ற உந்தம் ஒண்ணுதான். நின்னாகணும்னா அது பூராவும் தீரணும். கல்லு அதைக் கண் சிமிட்டறதுக்குள்ள தீர்த்துடும், அதனால பானைக்குச் செம அடி. துணி தொங்கித் தொங்கி, ஆற அமர நிறுத்தும். அடியைப் பங்கு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கும். புத்தகத்துல இதுக்குக் கணத்தாக்குன்னு பேரு."

"எங்க வீட்லயும் இருக்கே" என்றான் பாண்டெலிஸ். "என் பொண்டாட்டி ஒரே நிமிஷத்துல திட்டி முடிச்சா நான் உடைஞ்சுடுவேன். அதையே நாள் பூரா திட்டினா ஒண்ணும் ஆகாது."

"பரீட்சையில இப்படி எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பே. டியாமாந்தோ, அந்தப் பானைக்குள்ள என்ன இருந்துச்சு?"

"வாயைத் துணி போட்டுக் கட்டியிருந்துச்சு. நான் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"அடுத்த வீட்டுப் பீடையை யாராவது திறந்து பாப்பாங்களா, டீச்சர்? உடையாத பானைன்னா, அவங்க வீட்டுப் போன வருஷம் பூரா முழுசா உள்ளேயே இருக்குன்னு அர்த்தம். அதை வீட்ல வெச்சுக்க முடியுமா? இன்னிக்கே உடைக்கணும்."

தெக்லாவின் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி இரண்டாக முறிந்தது.

"பானை இப்ப எங்கே?"

"மேல. என் புருஷன் பாபிஸ்கிட்ட குடுத்திருக்கேன். வாத்தியக் குழு இந்தச் சதுக்கத்துக்குள்ள வந்ததும் போட்டு உடைன்னு சொல்லியிருக்கேன்."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கடைக்கு மேலே இரண்டாவது மாடிப் பால்கனியில், கைப்பிடிச் சுவர்மேல் ஒரு பானையை அணைத்துக்கொண்டு, பாபிஸ் நின்றிருந்தார். முகத்தில் முதல் முறையாகப் பொறுப்பு கொடுக்கப்பட்ட மனிதனின் கம்பீரம்.

"பாபிஸ் மாமா! போடாதீங்க!" என்று தெக்லா கத்தினாள்.

பாபிஸ் புன்னகைத்தார். கையசைத்தார்.

"அவர் காதுல பஞ்சு, டீச்சர்" என்றாள் டியாமாந்தோ. "பானைச் சத்தம் ஆகாதுன்னு காலையில அடைச்சது. பாஸ்கா முடியற வரைக்கும் எடுக்க மாட்டாரு. நான் பேசறதும் கேக்காதுல்ல."

"படி எங்கே?"

"பின்பக்கம். ஆனா உள்ளேர்ந்து தாப்பா போட்டிருப்பாரு."

"நான் நிறுத்தறேன்!" என்று கத்தினான் பாண்டெலிஸ். அவன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியங்களில் இது முதலாவதல்ல, ஆனால் மிகச் சிறந்தது. பாபிஸ் பார்க்கும்படி, துணிக்கூரையின் விளிம்பைத் தாண்டிப் பால்கனிக்கு நேர் எதிரே ஓடினான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசி, வேண்டாம், வேண்டாம் என்று குதித்தான்.

பாபிஸ் என்ன கண்டார்? பித்தளைத் தொப்பியைக் கண்டார். குஞ்சத்தைக் கண்டார். சிவப்புச் சட்டையையும், முன்னால் குலுங்கிவரும் பெரிய மேளத்தையும் கண்டார். வாத்தியக் குழு வந்துவிட்டது என்று கண்டார்.

பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டு பானையைத் துணிக்கூரைக்கு அப்பால் ஓங்கித் தள்ளினார்.

"பாண்டெலிஸ், மேளம்!" என்று தெக்லாவின் குரல் வீறிட்டது. "மல்லாத்திப் பிடி! எதுத்து நிக்காதே! அது கூடவே இறங்கு!"

பாண்டெலிஸுக்குப் பௌதிகம் புரிந்ததில்லை. ஆனால் அண்ணி போட்ட உத்தரவு அவன் கால்களுக்கு நேராகப் போய்ச் சேரும். மேளத்தைப் புரட்டித் தோலை வானத்துக்குக் காட்டினான். பானை வந்தது. தொட்ட கணமே முழங்காலை மடக்கினான், கைகளைத் தாழ்த்தினான், பிறகு இடுப்பு, பிறகு மொத்த ஆளும். 'டம்ம்ம்' என்று ஒரு முழக்கம். மேல்தோல் கிழிந்தது. பானை உள்ளே இறங்கி அடித்தோலில் போய்த் தொங்கி நின்றது. பாண்டெலிஸ் பானை ஓடுகளின்மேல் மல்லாந்து கிடந்தான், மேளத்தைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு.

சதுக்கம் கைதட்டியது. எதற்கென்று யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் அன்றைக்கு அது தேவையுமில்லை.

"அண்ணி… நான் இருக்கேனா?"

"இருக்கே. மேளம்தான் போச்சு."

"ஐயோ, என் மேளம்!"

"அழாதே. தோல் கிழியறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம்தான் பானையைக் காப்பாத்துச்சு."

தெக்லா மேளத்துக்குள் கைவிட்டுப் பானையை எடுத்தாள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை விரிசல் மட்டும். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே ஆட்டுரோமம், திணித்துத் திணித்து வைத்தது. ரோமத்தின் நடுவே, குருவிக் கூட்டில் முட்டை இருந்தால் எப்படியோ அப்படி, நீலமாக எதுவோ மின்னியது.

நீலத்தைக் கண்டு சிரித்தபடி பாண்டெலிஸ் எழுந்து உட்கார்ந்தான். சிரிப்பு மெல்ல மெல்ல அவன் முகத்திலிருந்து வடிந்தது.

"அண்ணி… இது ஆறாவது பானை. அதைப் போட்டது…"

"ஆமா" என்றாள் தெக்லா. "மெதுவா சொல்லு. இதையும் ஒரேயடியா நிறுத்தினா உடைஞ்சுபோயிடும்."

*

அவர்கள் மேலே போனபோது குயவன் ஸ்டாத்திஸ் வந்திருந்தார். ஒரு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லாததால். ரோடாந்தி அப்பாவைப் பார்க்கவில்லை.

தெக்லா விளக்கை மேஜைமேல் வைத்தாள்.

மார்க்கோஸ் கத்திவிட்டான். ஆர்செனியோஸ் ஓர் அடி முன்னால் வைத்தார். விளக்கைத் தொட்டுப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார். முழுசாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர் சந்தோஷப்பட்டார். அடுத்த நிமிஷம் முதுகு மறுபடி பலகையானது.

"எங்கே கிடைச்சது?"

"டியாமாந்தோ கடையில. ரோமத்துல சுத்தி, ரெண்டு தரம் விழுந்தும் உடையாத ஒரு பானைக்குள்ள."

"அப்ப நான் சொன்னது சரியாப்போச்சு! உடைக்கல, கடத்தியிருக்கா! காப்பிக்கடைக்காரிக்கு எறிஞ்சிருக்கா!"

"ஆமாங்க" என்றாள் ரோடாந்தி திடீரென்று. எல்லோரும் திரும்பினார்கள். "நான்தான் எறிஞ்சேன். அப்பா, வாங்க போலாம்."

"பொய்" என்றாள் தெக்லா.

"அவளே ஒத்துக்கறா!" என்றார் ஆர்செனியோஸ்.

"அவ ஒத்துக்கறா, ஐயா. கணக்கு ஒத்துக்க மாட்டேங்குது." தெக்லா முறிந்த சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, யாரையும் கேட்காமல், பாண்டெலிஸ் மேளத்தின் கிழியாத அடித்தோலில் எழுதத் தொடங்கினாள். பாண்டெலிஸ் கரும்பலகையாக நின்றான்.

"ஒரு பொருளைத் தள்ளினா, தள்ளு குடுக்கற உந்தத்தை எடையும் வேகமும் பங்கு போட்டுக்கும். எடை கூடினா வேகம் குறையும். எடை குறைஞ்சா வேகம் கூடும். இவங்க ரெண்டு பேரும் தள்ளின பானை இருபத்துநாலு கிலோ. ஒரு மீட்டர் தள்ளி விழுந்துச்சு. டியாமாந்தோ கடைக்குப் போனது ஆறு மீட்டர். ஒரே பால்கனி, கீழ போய்ச் சேர ஏறக்குறைய ஒரே நேரம். அப்ப அது ஆறு மடங்கு வேகமா கிளம்பியிருக்கணும்."

"அதைத்தானே நான்…" என்று தொடங்கிய ஆர்செனியோஸ் பாதியில் நின்றார்.

"ரெண்டு சின்னவங்க சேர்ந்து தள்ளற பலம் உங்க ஒருத்தர் கையில இருக்குன்னே வெச்சுக்கறேன், ஐயா. மரியாதைக்காக. அப்பவும் ஆறு மடங்கு வேகம் வேணும்னா பானை ஆறு மடங்கு லேசா இருக்கணும். இருபத்துநாலுல ஆறுல ஒரு பங்கு?"

"நாலு கிலோ" என்றது கரும்பலகை. தானே சொல்லிவிட்டதில் பாண்டெலிஸுக்கே ஆச்சரியம்.

"நாலு கிலோ. தண்ணியே இல்லாத பானை. கொஞ்சம் ரோமம், ஒரு விளக்கு. மார்க்கோஸ், நீ ஆறுலயும் தண்ணி ரொப்பினே. டியாமாந்தோ அஞ்சு தரம்தான் நனைஞ்சா. ரொப்பின ஆறாவது பானை வீட்டை விட்டுப் போகவே இல்ல. அந்தப் பால்கனித் திரையை விலக்கு."

மார்க்கோஸ் விலக்கினான். திரைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, கழுத்துவரை தண்ணீரோடு, சிவப்பு ரிப்பன் கட்டிய பானை நின்றது.

கீழே சதுக்கத்தில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்க முடியல" என்றார் ஆர்செனியோஸ்.

அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு சிறியதாக ஒருபோதும் ஒலித்ததில்லை.

"போன வருஷம் தூக்கினேன். இந்த வருஷம் ரெண்டு தரம் குனிஞ்சு பாத்தேன், அசையல. கீழ ஜனங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. சமையல்கட்டுல வாய் கட்டின பானை ஒண்ணு இருந்துச்சு. லேசா இருந்துச்சு. ஆண்டவர் குடுத்ததுன்னு நினைச்சேன்." அவர் மருமகளைப் பார்த்தார். "அதுக்குள்ள விளக்கை வெச்சது யாரு?"

"நான்தான், மாமா" என்றாள் ரோடாந்தி. "முதல் பானை விழுந்தப்பவே செவரு அதிர்ந்துச்சு. கொக்கி ஆடிச்சு. யாரும் தொடக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. ஆனா விழுந்துடும்னு பயந்தேன். எங்க வீட்ல கண்ணாடிச் சாமானைப் பானைக்குள்ள ரோமம் வெச்சுத்தான் அனுப்புவோம். திரும்பப் பாத்தா, அதை நீங்க தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கறீங்க."

"கத்தியிருக்கலாமே!"

"என்னன்னு கத்தறது, மாமா? 'அதுல தண்ணி இல்ல'ன்னா? நாலாயிரம் பேர் பாத்துட்டிருந்தாங்க."

வாசற்படியில் நின்ற ஸ்டாத்திஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, உங்க குடும்ப விவகாரம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் பானை ரெண்டு தரம் விழுந்தும் உடையலைங்கறதை வெளிய சொல்லிடாதீங்க. அடுத்த பாஸ்காவுக்கு ஒருத்தன் என்கிட்ட வாங்க மாட்டான்."

பாண்டெலிஸ் சிரிப்பை அடக்க மேளத்தைக் கடித்தான்.

ஆர்செனியோஸ் சிரிக்கவில்லை. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். நேராகப் பால்கனிக்கு நடந்தார். குடும்பப் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கூரைமேல் ஏறிக் கூவியவன், கூவியது பொய்யென்றால், அதே கூரைமேல் ஏறித்தான் இறங்க வேண்டும். பின்வாசல் வழியாக வருகிற மானம் மானமல்ல. இதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கைப்பிடிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். சதுக்கம் அண்ணாந்தது.

"எல்லாரும் கேளுங்க! என் மருமக விளக்கை எடுத்தான்னு சொன்னேன். பொய். அவ விளக்கைக் காப்பாத்தினா. அதைத் தூக்கி எறிஞ்சது நான். என் பானை ஆறு மீட்டர் போச்சுன்னு கைதட்டினீங்க. அதுல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. தண்ணிப் பானையை என்னால தூக்க முடியல. கேட்டுச்சா?"

கேட்டது. பிறகு டியாமாந்தோவின் குரல் எழும்பியது.

"நல்லதாப்போச்சு, ஐயா! தண்ணி இருந்திருந்தா நானும் துணிக்கூரையும் இப்ப மேலோகத்துல காப்பி வித்துட்டிருப்போம்!"

சிரிப்பு வெடித்தது. அதன்பின் கைதட்டல். காலையில் தட்டியதைவிடப் பலமாக. கைதட்டலின் நடுவே, எதிர்ப் பால்கனியில், பாபிஸ் காதுப் பஞ்சோடு எல்லோருக்கும் தலைவணங்கி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்செனியோஸ் உள்ளே வந்தார். வியர்த்திருந்தது. ஆனால் முதுகு வளையவில்லை. சம்பந்தியைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து, தான் ஒருநாளும் சாயாத நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு சமையல்கட்டுக்குப் போய், மடக்கு ஏணியைத் தானே இழுத்து வந்து கொக்கிக்கு அடியில் விரித்தார். தூக்கி வரவில்லை, இழுத்துத்தான் வந்தார். எல்லோர் முன்னாலும்.

"ஏறி மாட்டும்மா" என்றார் ரோடாந்தியிடம். "ராத்திரி கோயில் தீபம் வந்ததும் நீயே ஏத்து."

"நீங்கதானே மாமா மூத்தவர்."

"மூத்தவர் ஏணியைப் பிடிச்சுக்குவார்."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகத்தில் அப்போதுதான் ஏதோ இளகியது.

"கெட்டியா பிடிங்க, மாமா. நான் காலிப் பானை இல்ல, எனக்குள்ள தண்ணி இருக்கு."

கிழவர் இரண்டு கைகளாலும் பிடித்தார்.